வயிற்று ஸ்கேன் வேறு, பெருந்தமனி டாப்ளர் வேறு

என் அப்பாவுக்கு 68 வயது, நெடுங்காலம் புகைபிடித்தவர். மூன்று வகை மாத்திரை போட்டும் இரத்த அழுத்தம் இறங்காததால், வயிற்றுப் பெருந்தமனி என்னும் பெரிய இரத்தக்குழாயையும் அதிலிருந்து சிறுநீரகங்களுக்குப் பிரியும் தமனிகளையும், இரத்த ஓட்டத்தை ஒலியலையால் அளக்கும் டாப்ளர் ஸ்கேனில் பார்த்துவரும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்தார். வெறும் வயிற்றோடு அவரை ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் ஒரு ஸ்கேன் மையத்துக்கு அழைத்துச் சென்றேன்.

கவுன்டரில் இருந்தவர் சீட்டை முழுதாகப் படிக்காமலே முழு வயிற்று ஸ்கேன் என்று பில் போட்டு, சிறுநீர் முட்டும் வரை தண்ணீர் குடிக்கச் சொன்னார். டாப்ளருக்குத் தண்ணீர் எதற்கு என்று கேட்டதற்கு, “எல்லாருக்கும் அப்படித்தான் சார்” என்ற பதில்தான் வந்தது. பாட்டில் பாட்டிலாகக் குடித்துவிட்டு, உட்காரவும் முடியாமல் சுவரைப் பிடித்தபடி அப்பா நின்றதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ரிப்போர்ட்டில் கல்லீரலும் புராஸ்டேட்டும் விரிவாக இருந்தன. பெருந்தமனிக்கு ‘இயல்பு’ என்ற ஒற்றைச் சொல். அகலமும் இல்லை, இரத்த ஓட்டத்தின் வேகமும் இல்லை. மருத்துவர் அதை ஓரமாக வைத்துவிட்டார். கட்டிய பணமும் திரும்பவில்லை.

ஆகவே, பணம் கட்டும் முன் பில்லில் ‘டாப்ளர்’ என்ற சொல்லும் தமனிகளின் பெயரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தச் சோதனைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். குடலில் வாயு நிறைந்திருந்தால் ஒலியலை ஊடுருவாது. சர்க்கரை நோயாளிகள் காலையின் முதல் நேரத்தைக் கேட்டு வாங்குவதோடு, அன்றைய மாத்திரையையும் இன்சுலினையும் பற்றி மருத்துவரிடம் முன்பே பேசிவிடுவது நல்லது.

வேறொரு மையத்தில் பரிசோதித்த மருத்துவர் பொறுமையின் வடிவம். “மூச்சை இழுத்துப் பிடிங்க ஐயா” என்று சொல்லிச் சொல்லி, தொப்புளுக்கு மேலே கருவியை அழுத்தியும், அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்தும், மூச்சோடு நகரும் சிறுநீரகத் தமனியைத் தேடிப் பிடித்தார். பெருந்தமனியின் அகலம் 2.1 செ.மீ. என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு உயிர் வந்தது, 3 செ.மீ.யைத் தொட்டால்தான் அது வீக்கம். ஆனால் இடது சிறுநீரகத் தமனியில் வேகம் நொடிக்கு 260 செ.மீ.; 200ஐத் தாண்டினாலே அடைப்பைச் சந்தேகிக்கிறார்கள். சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் பார்த்துவிட்டு, இரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோ எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.