தலையில் பால் விடும் கரையான்

காரைக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலேசியாவில் உள்ள சுங்கை சிப்புட்டுக்கு வந்தபோது, கரையானைப் பற்றி எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். புற்றுக்குப் பால் ஊற்றி வளர்ந்தவள். முதல் மழைக்கு ஈசல் பிடித்து, இறக்கையைப் புடைத்துவிட்டு, அரிசியோடு வறுத்துத் தின்றவள். தாத்தா வீட்டு பர்மா தேக்குத் தூண்களில் கரையான் வாய் வைத்து நான் பார்த்ததில்லை.

இங்கே எங்கள் வீடு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், உள்ள வரிசை வீடு. ஊரிலிருந்து கொண்டுவந்த புத்தகங்களை அட்டைப் பெட்டியோடு சுவரை ஒட்டித் தரையிலேயே வைத்திருந்தேன். இரண்டாம் வருடம் ஒருநாள் பெட்டியைத் தூக்கினால் கனமே இல்லை. மேலட்டை அப்படியே இருக்கிறது, உள்ளே மண்தான். அம்மா தன் கையால் பெயரெழுதிக் கொடுத்த புத்தகமும் அதில் போய்விட்டது. அன்றைக்கு ரொம்ப நேரம் அழுதேன்.

அப்புறம் ஆத்திரத்தில், சுவரில் பென்சில் கனத்துக்கு ஏறியிருந்த மண்கோடுகளையெல்லாம் சுரண்டி எறிந்து, மண்ணெண்ணெய் ஊற்றி, கடையில் விற்கும் ஸ்ப்ரேயையும் அடித்தேன். இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. பிறகு அடுப்படி கேபினட்டுக்குப் பின்னாலும் கதவு நிலையிலும் புதுக்கோடு கிளம்பியது. கூடு மண்ணுக்குள் இருக்கிறது. நம் கண்ணில் படுவது தீனி தேடி வரும் வேலைக்காரக் கரையான்கள் மட்டும்தான். ஒரு வழியை உடைத்தால் இன்னொரு வழியாக வரும். நான் செய்த வேலை அதை வீடு முழுக்கப் பரப்பிவிட்டதுதான்.

அத்தையை, அதாவது என் மாமியாரை, அழைத்தேன். ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். ஒரு டார்ச்சையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு வந்தார். பிடியால் நிலையைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போனார். கெட்டியான சத்தம் ஓரிடத்தில் பொள்ளென்று மாறியது. அங்கே பெயிண்ட்டை லேசாகப் பெயர்த்ததும் வெள்ளைப் புழு மாதிரி வேலைக்காரக் கரையான்கள், நடுவில் மஞ்சள் தலையோடு காவல் கரையான்கள். ஒன்றை ஈர்க்கால் சீண்டினார். அதன் தலையிலிருந்து வெள்ளையாக ஒரு சொட்டு வந்தது.

“பாத்தியாம்மா, பால் விடுது. தோட்டத்துல பால்மரத்தைத் தின்ன ஜாதி.”

நான் அதுவரை பார்த்த கரையான் காய்ந்ததைத்தான் தின்றது. இங்கே பச்சையாக நிற்கிற ரப்பர் மரத்தையே உள்ளுக்குள் தின்றுவிடும். காற்றடித்தால் மரம் முறிந்து விழும் என்று அத்தை சொன்னார். தோட்டத்தில் அப்படிச் செய்வது கோப்டோடெர்மஸ் கர்விக்னாதஸ் என்ற கரையான் இனம். மலேசிய வீடுகளுக்குள் அதிகம் வருவது அதன் நெருங்கிய சொந்தமான கோப்டோடெர்மஸ் கெஸ்ட்ரோய். தலையில் பால் விடுவது இரண்டுக்கும் உண்டு.

அதன் பிறகுதான் ஆள் வைத்தோம். கூப்பிடும்போதே 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். வந்தவர் முதலில் கேட்டதே, “ஸ்ப்ரே ஏதும் அடிச்சிங்களா?” என்றுதான். எனக்கு முகம் வாடிப்போயிற்று. மருந்து வாடை இருந்தால் இரையை அது தொடாது. அதனால் ஸ்ப்ரே படாத, கரையான் ஓட்டமுள்ள கோடாகத் தேடி, அதன் மேல் சின்னப் பெட்டியை ஒட்டி உள்ளே இரையை வைத்தார். அந்த மருந்து உடனே கொல்லாது. தின்ற கரையானால் தோலுரித்துப் புதுத்தோல் வளர்க்க முடியாது. அவை வாயிலிருந்து வாய்க்கு ஊட்டிக்கொள்வதால் மருந்து கூட்டுக்கே போய்ச் சேருகிறது. திறந்து பார்க்காமல், தட்டாமல் பொறுத்திருக்க வேண்டும். எங்களுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. அதற்கப்புறம்தான் சுவரோரம் தரையில் துளை போட்டு ஃபிப்ரோனில் மருந்தை மண்ணுக்குள் இறக்கினார்கள். வீட்டுக்குள் கரையான் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த வரிசைதான் சரி என்பது என் எண்ணம்.

சாயங்கால மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றிப் பறப்பவற்றை இப்போது கவனித்துப் பார்க்கிறேன். நான்கு இறக்கையும் ஒரே நீளமாக, இடுப்பு ஒடுங்காமல் இருந்தால் ஈசல். இடை ஒடுங்கி, முன் இறக்கை நீளமாக இருந்தால் எறும்பு. வெளியிலிருந்து விளக்குக்கு வந்த ஈசல் என்றால் பரவாயில்லை. சுவர் வெடிப்பிலிருந்து கிளம்பினாலோ, ஜன்னல் ஓரத்தில் உதிர்ந்த இறக்கைகள் குவிந்து கிடந்தாலோ உடனே ஆளைக் கூப்பிட வேண்டும்.

கரையானுக்கு ஈரம்தான் உயிர். ஏர்கான் தண்ணீர் சுவரடியில் சொட்டிக்கொண்டிருந்தது, குழாயை நீட்டி வடிகாலில் விட்டோம். குளியலறைக் கசிவை அடைத்தோம். பின்சுவரில் சாத்தியிருந்த பழைய பலகைகளை அப்புறப்படுத்தினோம். ரப்பர் மரத்தில் செய்த அலமாரி இங்கே மலிவு, பார்க்கவும் அழகு, ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம், கரையானுக்கு விருந்து. புது நிலைக்குக் கரையான் எளிதில் அரிக்காத செங்கால் (cengal) மரம்தான் வேண்டும் என்று அத்தை பிடிவாதமாக நின்றார். விலை கூடுதல்தான், போட்டுவிட்டோம். மிஞ்சிய புத்தகங்கள் இரும்பு அலமாரியில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கின்றன.

பின்பக்கத்தில் வெட்டிய மாமரத்தின் அடிக்கட்டை இன்னும் மண்ணுக்குள் கிடக்கிறது. அதைத் தோண்டியெடுக்க வருகிற ஞாயிற்றுக்கிழமை அத்தை வருகிறார்.