ஆப்பிள்கிராஸில் ஒரு கல்வீடும் ஒரு மரக்குடிலும்

குளியல் தொட்டியின் குழாயைத் திறந்ததும் விழுந்த தண்ணீர், பால் சேர்க்காத தேநீரின் நிறத்தில் இருந்தது. குழாய் துருப்பிடித்திருக்கும் என்று எண்ணி ஐந்து நிமிடம் திறந்தபடியே விட்டுப் பார்த்தேன். நிறம் சற்றும் வெளுக்கவில்லை. சமையலறை மேசையின் மேல் நெகிழி உறையிட்ட தாள்களோடு ஒரு கோப்பு இருந்தது. அதன் மூன்றாவது பக்கத்தில் வீட்டுக்காரர் விளக்கம் எழுதி வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் மலையிலிருந்து இறங்கும் ஓடையே இந்த வீட்டின் குடிநீர். ஓடை கடந்து வரும் நிலம் முழுவதும் பீட் எனப்படும் கரிச்சதுப்பு. பல்லாயிரம் ஆண்டுகளாக மட்காமல் நீரில் ஊறிக் கிடக்கும் பாசியும் புல்லும் தங்கள் சாயத்தைத் தண்ணீரில் இறக்கிவிடுகின்றன. மேலே ஒரு தொட்டியில் மண் படிந்து தெளியும் நீர், நூல் சுற்றிய வடிகட்டியைத் தாண்டி, புற ஊதா விளக்கு எரியும் குழாய் வழியாக வீட்டுக்குள் வருகிறது. விளக்கு கிருமிகளைக் கொல்லும், நிறத்தை ஒன்றும் செய்யாது. மின்சாரம் நின்றால் விளக்கும் நின்றுவிடும் என்பதால் அப்போது கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். இவ்வளவுதான் செய்தி, ஆனால் லண்டனிலிருந்து புறப்பட்டு வந்த பன்னிரண்டு மணி நேரத்தில் நான் கற்ற உருப்படியான பாடம் அதுவாகத்தான் இருந்தது.

நாங்கள் சென்றது ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையில், வெஸ்டர் ராஸ் பகுதியில் உள்ள ஆப்பிள்கிராஸ் தீபகற்பத்துக்கு. ஜூன் மாதத்தின் முதல் வாரம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவும், மனைவியும், நானும். பெயரில் ஆப்பிள் இருப்பதால் தோட்டங்கள் இருக்கும் என்று அம்மா எதிர்பார்த்திருந்தார். அங்கே ஆப்பிளும் இல்லை, சிலுவையும் இல்லை. ஆற்றின் முகத்துவாரத்தைக் குறிக்கும் பழைய சொல் ஆங்கில நாக்கில் உருண்டு அப்படி ஆகிவிட்டது. ஸ்காட்லாந்து மலைநாட்டின் பழைய மொழியான கேலிக்கில் இந்த இடத்துக்கு அடைக்கலம் என்னும் பொருள்படும் வேறொரு பெயர் உண்டு. மெயில்ருபா என்னும் அயர்லாந்துத் துறவி 673ஆம் ஆண்டில் இங்கே மடம் நிறுவியபின், அதன் எல்லைக்குள் ஓடி வந்தவரைத் துரத்தி வந்தவர் தொடக்கூடாது என்னும் வழக்கு இருந்ததால் வந்த பெயர் அது.

இன்வெர்னஸ் நகரில் காரை நிரப்பிக்கொண்டு புறப்பட வேண்டும். எரிபொருளை மட்டும் சொல்லவில்லை. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், பால், இஞ்சி, எல்லாவற்றையும் சொல்கிறேன். அதற்குப் பிறகு பெரிய கடை கிடையாது. கடைசிக் கட்டத்தில் டோர்னப்ரெஸ் என்னும் இடத்தில் சாலை இரண்டாகப் பிரிகிறது, அங்கே ஒரு பெரிய எச்சரிக்கைப் பலகை நிற்கிறது. ஓட்டப் பழகுபவர்களும், கேரவன் எனப்படும் வீட்டுவண்டியை இழுத்துச் செல்பவர்களும் மேலே போகாதிருப்பது நல்லது என்றும், பனிக்கால நிலைமைகளில் பாதையைப் பொதுவாகக் கடக்க முடியாது என்றும் அது சொல்கிறது. கடல் மட்டத்திலிருந்து 626 மீட்டர் உயரத்துக்கு ஏறும் இந்தக் கணவாய்க்கு மாடுகளின் கணவாய் என்று பொருள்படும் கேலிக் பெயர். மந்தைகளைச் சந்தைக்கு ஓட்டிச் சென்ற தடத்தின் மேல் 1822இல் பாதை போட்டார்கள். ஐந்தடிக்கு ஓரடி ஏறும் சரிவும் கொண்டை ஊசி வளைவுகளும் உண்டு. வளைவுகளை விட என்னை வாட்டியது சாலையின் அகலம்தான். ஒரே ஒரு வண்டி போகலாம். எதிரே வண்டி வந்தால் அருகிலுள்ள ஒதுங்கிடத்தில் நின்று வழிவிட வேண்டும். ஒதுங்கிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கும் பயணிகளைப் பற்றி உள்ளூர்க்காரர்கள் சொல்வதை இங்கே எழுத முடியாது.

எங்கள் வீடு கணவாய்க்கு அப்பால், தீபகற்பத்தின் வடமேற்குக் கரையில், ஒன்பது வீடுகள் சிதறிக் கிடக்கும் ஒரு சிறு வளைகுடாவின் மேல் இருந்தது. கீழே இரண்டு அறைகள், நடுவே ஒரு சிறு மறைவறை, கூரைக்குள் செருகியதுபோல் மேலே இரண்டு படுக்கையறைகள், சிவப்புச் சாயம் பூசிய அலைத்தகரக் கூரை. சுவர் இரண்டடிக்கு மேல் தடிமன். சுண்ணாம்பு பெயர்ந்திருந்த ஒரு மூலையில் உள்ளே இருந்த கல் தெரிந்தது: செம்பழுப்பு மணற்கல், அதற்குள் கடலைப்பருப்பு அளவில் உருண்ட கூழாங்கற்கள். சுமார் 100 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல் அது. புவியியலாளர்கள் அந்தப் பாறைக்கு ஆப்பிள்கிராஸ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த மாதிரி வீடுகள் மேற்குக் கரை முழுவதும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் நிலக்கிழார்கள் ஆடு வளர்ப்பதற்காகக் குடியானவர்களை உள்நிலங்களிலிருந்து வெளியேற்றிக் கரையோரத் துண்டு நிலங்களில் குடியேற்றினார்கள். அந்தத் துண்டு நிலத்துக்குக் கிராஃப்ட் என்று பெயர். எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றப்படலாம் என்னும் நிலையில் எவரும் நல்ல வீடு கட்டமாட்டார்கள். கட்டினால் அதுவும் நிலக்கிழாருக்கே போய்ச் சேரும். 1886இல் வந்த சட்டம் குத்தகைதாரருக்கு நிலையான உரிமையைத் தந்த பிறகுதான் புகை சூழ்ந்த ஓலைக்கூரைக் குடிசைகளின் இடத்தில் புகைபோக்கி வைத்த கல்வீடுகள் பெருமளவில் எழுந்தன. விடுமுறை விளம்பரங்களில் பழமையின் அழகு என்று எழுதப்படும் அந்தச் சுவர்கள், தாம் இனி வெளியேற்றப்படமாட்டோம் என்று ஒரு தலைமுறை நம்பியதன் சான்று.

இனி தண்ணீருக்கு மீண்டும் வருகிறேன், ஏனென்றால் அந்த வாரத்தில் அம்மா அதிகம் பேசியது அதைப் பற்றித்தான். லண்டன் தண்ணீர் சுண்ணாம்புப் பாறை வழியாக வரும் கடின நீர். எங்கள் கெட்டிலின் அடியில் மாதம் ஒருமுறை வெள்ளைப் பொருக்கைச் சுரண்ட வேண்டும். குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வைத்தால் முக்கால் மணி நேரம் ஆகியும் முழுதாகக் குழையாது. இங்கே குக்கரைக் கொண்டுவர நான் மறந்திருந்தேன். அதற்காக அம்மா என்னைக் கடிந்துகொண்டே சாதாரண பாத்திரத்தில் பருப்பை ஏற்றினார். அரை மணி நேரத்துக்குள் கரண்டியால் ஒருமுறை அழுத்தியதும் பருப்பு வெண்ணெயாகக் கரைந்தது. "ஊத்துத் தண்ணிடா இது, நம்ம பாட்டி வீட்டுக் கிணறு மாதிரி" என்றார். அறிவியல் எளியது: கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல்சுவரிலுள்ள பெக்டின் என்னும் ஒட்டுப்பொருளைப் பற்றி இறுக்கிவிடும், மழையும் பீட்டும் மட்டும் தொட்டு வந்த நீரில் அவை மிகக் குறைவு. அதே காரணத்தால் தலைக்குத் தேய்த்த ஷாம்பு எவ்வளவு அலசினாலும் போகவில்லை என்னும் உணர்வு வாரம் முழுக்க இருந்தது.

தண்ணீரில் வென்ற அம்மா நெருப்பில் தோற்றார். கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்பு முன்னறையில் இருந்தது. விறகடுப்பில் நாற்பது ஆண்டு சமைத்தவர் என்னும் உரிமையில் அவர் கீழ்த் துளையைத் திறந்து, ஊதி, அறை முழுவதையும் புகையாக்கினார். வீட்டிலிருந்த மூன்று புகை எச்சரிப்பான்களும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை என்பதால் ஒரே நேரத்தில் அலறின. கோப்பின் ஏழாவது பக்கம் சொன்னது இதுதான்: நிலக்கரிக்குத்தான் காற்று அடியிலிருந்து வேண்டும், விறகு சாம்பல் படுக்கையின் மேல் கிடந்து, மேலிருந்து இறங்கும் காற்றில் எரிய வேண்டும். கீழ்த் துளையை மூடி, மேல் துளையைத் திறந்து, காய்ந்த பிர்ச் மரத் துண்டுகளின் மேல் சுள்ளிகளை அடுக்கி, உச்சியில் பற்றவைத்தால் தீ மெல்லக் கீழே இறங்குகிறது. இரண்டாம் நாள் முதல் புகையில்லை. ஆனாலும் வீடு சூடேற இரண்டு நாள் ஆனது. காற்றைச் சூடாக்கினால் போதாது, அந்தக் கல் முழுவதையும் சூடாக்க வேண்டும்.

குளிர் என்று சொன்னேனே தவிர, அங்கே கடுங்குளிர் இல்லை. அட்லாண்டிக் நீரோட்டம் இந்தக் கரையை மிதமாக வைத்திருக்கிறது; வடக்கே பூலூவுக்கு அருகிலுள்ள இன்வெரூ தோட்டத்தில், 1862 முதல் ஆஸ்குட் மெக்கன்சி என்பவர் வெற்றுப் பாறை முனையில் மண் சுமந்து போட்டு வளர்த்த தெற்குலக மரங்கள் இன்றும் நிற்கின்றன. இங்கே துன்பம் மழையும் காற்றும்தான். காற்று நின்றால் அதைவிடப் பெரிய துன்பம் ஒன்று வரும்: மிட்ஜ் எனப்படும் கடிக்கும் பொடி ஈ. கொசுவைப்போல் ஒன்றிரண்டாக வராது. மேகமாக வந்து புருவத்திலும் காதுமடலிலும் இறங்கும். மெல்லிய காற்று அடித்தாலே பறக்க முடியாது என்பது அதன் ஒரே பலவீனம். மாலை பத்து மணிக்கு மேலும் புத்தகம் படிக்கும் அளவு வெளிச்சம் இருக்கும் ஊரில், வாசலில் உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம் என்று நினைத்திருந்த என் திட்டம் மூன்றாம் நாள் அந்த மேகத்தோடு முடிந்தது.

அதனால் ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்தேன். எதிரே நீரிணைக்கு அப்பால் ராசே தீவு, அதன் பின்னால் ஸ்கை தீவு. ராசேயின் வட பகுதியில் கேலம் மெக்லவுட் என்னும் குடியானவர், தம் ஊருக்குச் சாலை கேட்டுப் பலமுறை மறுக்கப்பட்டபின், 1960களில் மண்வெட்டியும் கடப்பாறையும் தள்ளுவண்டியும் கொண்டு தாமே போடத் தொடங்கினார். ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர், பத்தாண்டு உழைப்பு. அவர் முடித்தபோது அந்த ஊரில் மிஞ்சியிருந்தவர்கள் அவரும் மனைவியும்தான். நாங்கள் தங்கியிருந்த கரைக்கும் கதை பெரிதும் வேறல்ல. இங்கே வண்டி ஓடும் சாலை 1970களில்தான் வந்தது. அதுவரை படகும் ஒற்றையடிப் பாதையும். சாலை வருவதற்கு முன்பே பலர் வெளியேறிவிட்டார்கள், சாலை வந்தபின் அவர்களுடைய வீடுகளைத் தேடி எங்களைப் போன்றவர்கள் வருகிறோம்.

நான்காம் இரவு, இருட்டியபின், வளைகுடாவைச் சுற்றியிருந்த ஒன்பது வீடுகளில் எத்தனையில் விளக்கு எரிகிறது என்று எண்ணினேன். நான்கு. அவற்றில் ஒன்று எங்களுடையது. ஊரின் விடுதியில் சாப்பிடப் போனபோது பரிமாறிய இளம்பெண், வாடகைக்கு வீடு கிடைக்காததால் இரண்டாம் ஆண்டாகக் கேரவனில் தங்கியிருப்பதாகச் சொன்னார். காலி வீடுகள் அவர் கண்ணெதிரே இருக்கின்றன, ஆனால் அவருக்கில்லை. வீட்டு மனையைக் கிராஃப்ட் நிலத்திலிருந்து சட்டப்படி பிரித்துவிட்டால் எவருக்கும் விற்கலாம். வாங்குபவர் எடின்பரோவிலோ லண்டனிலோ இருப்பார். 2022ஆம் ஆண்டின் ஆணைப்படி ஸ்காட்லாந்தில் குறுகிய கால வாடகை வீடுகள் அனைத்துக்கும் உரிமம் வேண்டும், விளம்பரத்திலேயே உரிம எண்ணை இட வேண்டும். 2024 ஏப்ரல் முதல் இரண்டாம் வீடுகளுக்கு உள்ளூர் வரியை இரட்டிப்பாக்கும் அதிகாரமும் உள்ளாட்சி மன்றங்களுக்கு வந்திருக்கிறது. உரிமம் பாதுகாப்புக்கு உதவும். எங்களை அலற வைத்த அந்த எச்சரிப்பான்களும் கட்டாயமானவையே. ஆனால் அந்தப் பெண்ணுக்கு வீடு கிடைக்க அது போதுமா என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் மனைவியும் இதே வெஸ்டர் ராஸில், கெயர்லாக் பக்கம், ஒரு மரக்குடிலில் தங்கியிருந்தோம். கவிழ்த்த படகுபோல் வளைந்த கூரை, ஒரே அறை, ஒரு மின் அடுப்பு. இருபது நிமிடத்தில் சூடேறிவிடும். மழை பெய்தால் முரசு கொட்டுவதுபோல் இருக்கும். கடல் தெரியும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். உண்மைதான், கழிவறை மூடியின் மேல் ஏறி நின்றால் தெரியும். அப்போது அதைக் குறையாக மட்டுமே பார்த்தேன். குடில் நின்றது ஒரு கிராஃப்டின் மூலையில். ஐம்பதடி தள்ளி இருந்த கல்வீட்டில் நிலத்துக்குரிய குடும்பமே வாழ்ந்தது. காலையில் ஆடுகளுக்குத் தீவனம் போட்டுவிட்டு அந்த அம்மையார் கேட்டருகே ஒரு பெட்டியில் முட்டைகளை வைப்பார். காசைப் பக்கத்து டப்பாவில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். ஆட்டில் வரும் வருமானம் வேலிக்கே போதாது, குடில் வாடகைதான் பிள்ளைகளை இங்கே இருக்க வைக்கிறது என்று அவர் சொன்னது, ஒன்பதில் நான்கு விளக்கை எண்ணியபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

அழகில் கல்வீட்டுக்கு முன் குடில் நிற்காது. அம்மாவிடம் கேட்டால் மறுபடியும் கல்வீடுதான் என்பார், தண்ணீருக்காகவே. நான் அடுத்த முறை குடிலைத்தான் பதிவு செய்யப் போகிறேன்; வீட்டுக்காரர் அதே நிலத்தில் வாழ்கிறாரா என்று முதலில் கேட்டுவிட்டு.

சனிக்கிழமை பத்து மணிக்குள் காலி செய்ய வேண்டும். சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில் அள்ளி வெளியே வைத்து, சாவியைச் சுவரிலிருந்த எண்பூட்டுப் பெட்டிக்குள் போட்டேன். துப்புரவு செய்ய வந்த பெண்மணி வண்டியிலிருந்து படுக்கை விரிப்புகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, அம்மா சமையலறைக் குழாயில் ஐந்து லிட்டர் கேனைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி பழுப்பு நீரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மூடியைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.