மிச்சமிருந்த ஒரு தடவை

உயர்தரப் பரீட்சையை இதுவரை எத்தனை தடவை எழுதியிருக்கிறீர்கள்? ஒரு தொழிலில் இருந்துகொண்டே நடனம் படிக்கப் போக நினைக்கும் தம்பி தங்கைகளிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் கணக்கு. நான் கணிதப் பிரிவில் இரண்டு தடவை எழுதி, இரண்டிலும் பொறியியல் பீடம் கிடைக்காமல், அம்பாறை ஹாடி தொழில்நுட்ப நிறுவகத்தில் சிவில் டிப்ளோமா முடித்து வேலைக்குப் போனவள். மிச்சமிருந்தது ஒரே ஒரு தடவை. அதை முப்பதாவது வயதில், நடனம், தமிழ், புவியியல் என்று கலைப்பிரிவில், தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதினேன். இப்போது மட்டக்களப்புக் கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கிறேன்.

நான் துணிந்து வேலையை உதறியதாக ஊரில் ஒரு கதை உலாவுகிறது. உண்மை அவ்வளவு அழகாக இல்லை. 2022இல் சீமெந்து மூட்டை மூவாயிரத்தைத் தாண்டியபோது எங்கள் சைட்டுகள் ஒவ்வொன்றாக நின்றன. அரைச் சம்பளம், பிறகு அதுவும் இல்லை. பாதியில் நின்ற தூண்களில் கம்பி துருப்பிடித்துக்கொண்டிருந்தது. நான் வீட்டில் இருந்தேன். அந்த நாட்களில்தான் பக்கத்து வளவில் இரவில் கூத்துப் பழகும் மத்தளச் சத்தம் காதில் விழுந்து, போய் உட்காரத் தொடங்கினேன். மறுபடி வேலைக்குக் கூப்பிட்டபோது போகவில்லை. துணிவு என்று சொன்னால் அந்தப் 'போகவில்லை' ஒன்றுதான்.

அப்பாவிடம் சொல்வதற்கு விபுலாநந்தரைத் துணைக்கு அழைத்தேன். காரைதீவில் பிறந்தவர், 1916இல் விஞ்ஞான டிப்ளோமா, 1920இல் லண்டன் பீ.எஸ்ஸி, விஞ்ஞானம் படிப்பித்தவர். அதே மனிதர்தான் யாழ் நரம்புக்குக் கணக்குப் போட்டு 1947இல் யாழ் நூலை வெளியிட்டார் என்றேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அவர் சாமியார், மகள். உனக்கு மோட்டார் சைக்கிள் லீசிங் இருக்கு."

அதற்குப் பதில் இல்லை. லீசிங் முடியும்வரை ஏழு மாதம் பொறுத்தேன். நீங்களும் பொறுங்கள். தவணைக்கு வரும் தொலைபேசி அழைப்போடு, முழங்கால் மடித்த அரைமண்டியில் நிற்க முடியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் பூச்சியத்தில் தொடங்கியவள் அல்ல. பள்ளிக்கூடக் காலத்தில் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் நான்காம் தரம் வரை பரதம் எழுதியிருந்தேன். கணித ரியூசனுக்கு நேரம் போதாமல் சலங்கையைப் பெட்டிக்குள் வைத்தேன். அந்த அடித்தளம் இல்லாதவர்கள் நேரே உயர்தரத்துக்கு விண்ணப்பிக்காமல், ஒரு ஆசிரியையிடம் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. பரீட்சையை எண்ணித்தான் எழுத வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

கணிதம் படித்து வந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தாளத்தைக் கண்டதும் வாய் ஊறும். ஏழு தாளம், ஐந்து ஜாதி, முப்பத்தைந்து. அதை ஐந்து கதியால் பெருக்கினால் 175. கொப்பியில் கட்டம் போட்டு ஒரே இரவில் எல்லாவற்றையும் எழுதி, என் நடன ஆசிரியையிடம் பெருமையாக நீட்டினேன். அவர் கொப்பியை மூடிவைத்துவிட்டு ஆதி தாளத்தில் ஒரு சின்னத் தீர்மானம், அதாவது ஜதியை முடிக்கும் அடவுக் கோவை, ஆடச் சொன்னார். ஆடினேன். "கணக்குச் சரி பிள்ளை. கண் எங்க போச்சு?" என்றார். என் கண் நிலத்தில் இருந்தது, கால் சரியான இடத்தில் விழுகிறதா என்று அளந்துகொண்டு. நான்கு வருடம் மட்டம் பார்த்த பழக்கம்.

எழுத்துப் பாடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் வைத்துக்கொண்டு கடந்தகால வினாத்தாள்களைச் செய்தால் போதும். ஒரு டிப்ளோமாவை முடித்தவருக்கு அது பாரமே இல்லை. பாரம் உடம்புதான். இருபத்தெட்டு வயதில் மறுபடி நாட்டடவு என்ற அடிப்படை அசைவைத் தொடங்கியபோது, இரண்டே வாரத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முழுவதும் வலித்தது. வீட்டு விறாந்தையில் பழகினேன். சீமெந்துத் தளம். எத்தனையோ வீட்டுக்குத் தளம் போட நின்றவள் நான், எனக்கே அது உறைக்கவில்லை! கொங்கிரீற் விட்டுக்கொடுக்காது. நீங்கள் மிதிக்கிற விசையை அப்படியே காலுக்குத் திருப்பி அனுப்பும். மூன்று வாரம் சும்மா இருந்துவிட்டு, பிறகு வளவில் மண் நிலத்தைத் தட்டிச் சாணி மெழுகிப் பழகினேன். மாபிள் போட்ட வீடுகளில் பழகும் பிள்ளைகளின் தாய்மாருக்கு இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

நேர அட்டவணைக்கு வருகிறேன். என் அனுபவத்தில் வேறு எவரிடமும் கிடைக்காதது இதுதான் என்று நினைக்கிறேன். முதலில் ரியூசன் பிள்ளைகள் போடுவதுபோல் போட்டேன்: காலை தமிழ், பின்னேரம் புவியியல், இரவு நடனம் இரண்டு மணித்தியாலம். இரண்டு மாதத்தில் புவியியல் முன்னேறியது, நடனம் நின்ற இடத்திலேயே நின்றது. அப்போதுதான் பக்கத்து வளவில் நடந்துகொண்டிருந்ததைக் கவனித்தேன். எங்கள் பக்கம் கூத்துப் பழகுவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் ஆளுக்கு ஏற்றபடி வேடம் பிரித்துச் சட்டம் கொடுப்பார்கள், அதாவது அவரவர் பாட்டும் வசனமும். பிறகு வாரக்கணக்கில் ஆட்டமும் பாட்டும். கால் பழகிய பிறகு ஒரு நாள் பார்த்துச் சதங்கை அணிவார்கள். அதற்குப் பிறகு அடுக்குப் பார்த்தல், முழுக் கூத்தையும் தொடக்கம் முதல் முடிவுவரை ஓடவிடுவது. அதெல்லாம் முடிந்த பிறகுதான் அரங்கேற்றம். மாதங்கள் எடுக்கும். பகலில் வயலிலும் கடலிலும் நிற்கும் ஆட்கள் விடியவிடிய ஆடும் கூத்தை உடம்பில் ஏற்றிக்கொள்வது இந்த ஒழுங்கினால்தான்.

என் பரீட்சையையும் அதே வரிசையில் வைத்தேன். முதல் மாதம் சட்டம்: செய்முறைக்கு வரக்கூடிய உருப்படிகளின் ஜதியையும் பாட்டையும் உட்கார்ந்தபடி, கையால் தாளம் போட்டு வாயால் சொல்லிப் பழகினேன். ஆடவே இல்லை. ஆசிரியைக்கு முதலில் இது பிடிக்கவில்லை, பிறகு விட்டுவிட்டார். அடுத்த ஐந்து மாதம் சலங்கை இல்லாமல் ஆட்டம். ஏழாவது மாதம் சலங்கை கட்டிய அன்று எனக்குப் பெரிய அதிர்ச்சி. சரி என்று நினைத்திருந்த தட்டிமெட்டு அடவில் குதிக்கால் அரை நொடி பிந்தி விழுவது பளிச்சென்று கேட்டது. ஐந்து மாதமும் கண்ணாடி காட்டாததைச் சலங்கை ஒரு நிமிடத்தில் காட்டியது. முதல் நாளிலிருந்தே சலங்கை கட்டியிருந்தால் அந்தச் சத்தத்தில் என் காது மரத்துப்போயிருக்கும்.

பிறகு அடுக்கு. வெள்ளி இரவுகளில் எங்கள் முற்றத்தில், ஆட்களை வைத்துக்கொண்டு, முதல் உருப்படியான அலாரிப்பிலிருந்து ஓடவிடுவேன். பார்ப்பவர்கள் அப்பா, பக்கத்து வீட்டு மாமிமார், கூத்துப் பழக்கும் அண்ணாவியார். முதல் வெள்ளியே ஜதீஸ்வரத்தின் நடுவில் மறந்து, நின்று, "மன்னிக்கோணும், முதல்ல இருந்து" என்றேன். அண்ணாவியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "என்னத்துக்கு நிண்ட நீ? நீ நிண்டா மறுகா மத்தளம் ஆருக்கு அடிக்கிற? மறந்தா ஒரு கிறுகு கிறுகு. கிறுகி வாறதுக்குள்ள கால் புடிச்சிரும்." கிறுகுவது என்றால் சுற்றிச் சுழல்வது.

அவருக்கு எழுபதுக்கு மேல். வடமோடிக் கூத்தில் எட்டுப் போட்டு ஆடிக் காட்டுவார். கூத்து ஆடும் வட்டக் களரியில் நாலு பக்கமும் சனம், முதுகையும் பார்க்கும். ஒரு பக்கம் பார்த்தே ஆடிப் பழகிய எனக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே அவரிடம்தான் தெரிந்தது. செய்முறைப் பரீட்சையில் உண்மையாகவே ஓரிடத்தில் மறந்தேன். கிறுகினேன். பிடித்தது. பரீட்சகர்கள் கண்டுகொண்டார்களோ என்னவோ, நான் நிற்கவில்லை.

அன்றைய நாளுக்குச் சின்னச் சின்னது: சலங்கைக் கயிறு ஒன்று மேலதிகமாக, ஊசி ஒரு பெட்டி, சேலை இரண்டு தடவையாவது உடுத்து ஆடியதாக இருக்க வேண்டும். புதுச் சேலை வழுக்கும். நிறுவகத்துக்கு விண்ணப்பிக்கும்போது உயர்தரப் பெறுபேற்றின் இசட் புள்ளி மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. அதனால் உயர்தரச் செய்முறை முடிந்ததும் உடம்பை விட்டுவிடாதீர்கள். பெறுபேறு வரும்வரை என்று நான் இரண்டு மாதம் விட்டேன், திரும்பப் பிடிக்க நான்கு மாதம் ஆனது.

இனிப் பிள்ளைகள். பெறுபேற்றுக்குக் காத்திருந்த நாட்களில் ஊர் முன்பள்ளி மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்புத் தொடங்கினேன். சைட்டுக்கு வேலைத்திட்டம் போடுவதுபோல் பன்னிரண்டு வாரத்துக்குப் போட்டு, கதவில் ஒட்டினேன். முதல் நாள் 22 பிள்ளைகள். ஷட்டர் பலகை அடுக்குவதுபோல் மூன்று வரிசையில் நிறுத்தித் தட்டடவு. நாலாவது சனி ஏழு பேர். அதில் இரண்டு பேர் என் மச்சாளின் பிள்ளைகள்.

மட்டக்களப்புச் சீலாமுனையில் பேராசிரியர் சி. ஜெயசங்கர் ஊராட்களோடு செய்த கூத்து மீளுருவாக்கத்தைப் பற்றி அப்போதுதான் தேடி வாசித்தேன். கூத்தை மேடைக்கு ஏற்றிச் செம்மையாக்கியவர் என்று பேராசிரியர் வித்தியானந்தனின் அறுபதுகளின் முயற்சிகள் தெரியும். இராவணேசன் கூத்தில் இராவணனாக ஆடிய மௌனகுரு பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத்துறையை நடத்தியதும் தெரியும். ஆனால் இது வேறு விதம். ஆடுகிறவர்களே உட்கார்ந்து, பாட்டில் பெண்ணை, சாதியைப் பற்றி வரும் இடங்களைப் பேசி மாற்றி, தங்கள் களரியிலேயே ஆடுவது. வெளியிலிருந்து கொண்டுபோய்க் கொடுப்பது இல்லை.

ஒட்டிய தாளைக் கிழித்தேன். அடுத்த சனிக்கு, வீட்டில் யாருக்காவது தெரிந்த பாட்டு ஒன்றைக் கேட்டுக்கொண்டு வரச் சொன்னேன். ஒரு பெடியன் தன் அம்மம்மாவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அந்த மனுசி கதிரையில் இருந்தபடி கண்ணகியம்மன் கோயில் வைகாசிச் சடங்குக்குப் பாடும் குளுத்திப் பாட்டு ஒன்றைத் தொடங்க, பிள்ளைகள் தாமாகவே வட்டமாக நின்றார்கள். வரிசை போய் வட்டம் வந்ததும் பின்னால் ஒளிய இடமில்லை, முன்னால் முந்தவும் இடமில்லை. தட்டடவை அந்த வட்டத்துக்குள்தான் பிறகு மெதுவாக நுழைத்தேன். இப்போது 19 பேர் வருகிறார்கள்.

பணம் பற்றிக் கேட்பீர்கள். சனிக்கிழமை வகுப்பில் பிளேன்டீச் செலவு மிஞ்சாது. இரவில் இரண்டு ஒப்பந்தகாரருக்கு அளவுப்பட்டியலும் மதிப்பீடும் செய்து கொடுக்கிறேன், அதில்தான் வண்டி ஓடுகிறது. பழைய தொழிலைத் தலைமுழுகாதீர்கள். ஆசிரிய நியமனத்தை நம்பி வருகிறவர்கள் வர்த்தமானியில் வயதெல்லையைப் பார்த்துவிட்டு வாருங்கள். என் வயதில் வருகிறவர்களுக்கு அந்தக் கதவு குறுகலானது.

போன மாதம் கோயில் முன்றலில் களரி போட மண் எவ்வளவு வேண்டும் என்று அண்ணாவியார் கேட்டார். இருபது அடி விட்டம், ஒன்றரை அடி உயரம். 471 கன அடி, ஒரு கியூப் நூறு கன அடி, இறுக்கத்துக்கும் சேர்த்து ஆறு கியூப் என்றேன். "ஏழு போடு புள்ள" என்றார். நான் கொப்பியைக் காட்டி விளக்கினேன். ஆறு கியூப்தான் பறித்தோம். பிள்ளைகள் இரண்டு இரவு ஆடி முடித்ததும் களரி நாலு அங்குலம் இறங்கியிருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் மண் ஏற்றும் உழவு மெசின்காரனுக்குப் போன் எடுத்தார்.