72ஆவது நிமிடம்

மலர்க் குழுவினர் மைதான நினைவு ஒன்று கேட்டார்கள். நான் எழுதப்போவது ஹுவான் ரோமன் ரிக்கெல்மே என்ற ஆர்ஜென்டீனக் காற்பந்து வீரரைப் பற்றி. கோபிக்க வேண்டாம், மைதானத்துக்கும் வருவேன்.

1982இல் நம் 17 வயதுக்கு உட்பட்டோர் அணியின் நடுக்களத்தில் ஒருவன் விளையாடினான். பெயரைப் போட்டால் ரொறன்ரோவிலிருந்து போன் எடுத்து ஏசுவான், விட்டுவிடுகிறேன். அவன் ஓடமாட்டான். பந்து வந்ததும் அதன்மேல் காலை வைத்துக்கொண்டு, சந்தையில் மீன் பார்ப்பவன் மாதிரி நாலு பக்கமும் பார்ப்பான். கரையில் நிற்கும் அண்ணாமார் "எருமை" என்று கத்துவார்கள். அப்புறம் அவன் ஒன்று தட்டிவிடுவான்; எங்கள் முன்வரிசைக்காரன் கோல் காப்பாளருக்கு முன்னால் தனியாக நிற்பான்.

ஓர் அரையிறுதியில் 1–0 என்று முன்னுக்கு நின்றோம். இன்னும் இருபது நிமிடம் இருந்தது. சேர் அவனை வெளியே கூப்பிட்டு, நன்றாக ஓடக்கூடிய ஒருவனை இறக்கினார். அந்த ஓடக்கூடியவன் நான்தான். 2–1 என்று தோற்றோம். ஓட்டத்தில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

ரிக்கெல்மேயை முதன்முதலில் கவனித்தது 2000 நவம்பரில். தோக்கியோவில் அவருடைய ஆர்ஜென்டீனக் கழகமான போக்கா யூனியர்ஸ், ஸ்பெயினின் ரியல் மட்ரிட்டை 2–1 என்று வென்ற கண்டங்களுக்கிடையிலான கிண்ணப் போட்டி அது. போக்காவின் கோல் இரண்டும் முன்வரிசைக்காரர் பலேர்மோ அடித்தவை, அதுவும் முதல் ஆறு நிமிடத்துக்குள். இரண்டாவது கோலுக்கு ரிக்கெல்மே தன் பாதியிலிருந்து நீளமாக ஒரு பந்து கொடுத்தார். அதன் பிறகு மிச்ச நேரம் முழுக்கப் பந்தைக் காலடியில் வைத்து, பின்புறத்தால் எதிராளியை மறித்துக்கொண்டு நின்றார். 22 வயதுப் பெடியன். பார்த்த உடனே எனக்கு நம் எருமைதான் ஞாபகம் வந்தது.

1978இல் புவெனஸ் அயர்ஸ் மாகாணத்தில் பிறந்து, டொன் தொர்குவாத்தோ என்ற ஏழைப் பகுதியில் பதினொரு பிள்ளைகளில் ஒருவராக வளர்ந்தவர். அவர் விளையாடிய இடத்துக்கு அங்கே 'எங்காஞ்சே' என்று பெயர். நம் ஊர்ப் பாஷையில் கொளுக்கி. நடுக்களத்தையும் முன்வரிசையையும் கொளுவிவிடுகிறவன். உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் 'எல்லாரும் ஓடு, எல்லாரும் மறி' என்று மாறிக்கொண்டிருந்த காலத்தில் இந்தக் கொளுக்கியை எங்கே மாட்டுவது என்று பலருக்குத் தெரியவில்லை. 2002இல் பார்சிலோனா வாங்கியது. அங்கே பயிற்சியாளர் வான் கால் அவரை ஓரத்தில் நிறுத்தினார். ஒரே பருவத்தில் கதை முடிந்தது.

அடுத்துப் போன வியாரியல், ஸ்பெயினில் ஐம்பதாயிரம் பேர் அளவில் வாழும் சின்ன ஊர். அங்கே பயிற்சியாளர் பெலெக்ரினி அவரைச் சுற்றியே அணியைக் கட்டினார். ஐரோப்பியக் கழகங்களின் சாம்பியன்ஸ் லீக்கில் முதன்முதலாக ஆடிய வருடமே அந்த அணி அரையிறுதிக்கு வந்தது. எதிரே லண்டன் அணி ஆர்சனல். அவர்களின் ஹைபரி மைதானத்தில் நடந்த முதல் ஆட்டத்தில் ஓர் அணில் உள்ளே ஓடி வந்தது ஞாபகம் இருக்கிறதா? அன்று வியாரியல் 1–0 என்று தோற்றது. ஆறு நாள் கழித்து இரண்டாவது ஆட்டத்தை லண்டனில் ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன். அறை நிறைய ஆர்சனல் ஆட்கள், நான் மட்டும் மற்றப் பக்கம். கடைசி நிமிடங்களில் வியாரியலுக்குப் பெனால்டி. ரிக்கெல்மே அடித்தார், ஆர்சனலின் கோல் காப்பாளர் லேமன் பாய்ந்து தடுத்தார். எனக்குத் தேநீர் தரக்கூட ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

இரண்டு மாதத்தில் 2006 உலகக் கிண்ணம். சேர்பியா–மொன்டெனேக்ரோவுடனான ஆர்ஜென்டீனாவின் ஆட்டத்தில் இருபதுக்கு மேற்பட்ட பாஸ்கள் கைமாறி, கிரெஸ்போ குதிகாலால் தட்டிவிட, கம்பியாசோ அடித்த கோலை மறந்தவர்கள் இருக்க முடியாது. ஆனால் நான் சொல்ல வந்தது ஜூன் 30, பெர்லின், ஜேர்மனியுடனான காலிறுதி. ரிக்கெல்மே எடுத்த கோர்ணர் கிக்கில் அயாலா தலையால் முட்டி 1–0. 72ஆவது நிமிடத்தில் ஆர்ஜென்டீனப் பயிற்சியாளர் பெக்கர்மன் ரிக்கெல்மேயை வெளியே எடுத்துக் கம்பியாசோவை இறக்கினார். நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். 80ஆவது நிமிடத்தில் ஜேர்மனியின் குளோசே சமப்படுத்தினார். பெனால்டிகளில் மறுபடி அதே லேமன், இம்முறை ஜேர்மனிக்காக, எதிரணியில் யார் எந்தப் பக்கம் அடிப்பார் என்று எழுதிய ஒரு துண்டுத் தாளைக் காலுறைக்குள் வைத்தபடி. கடைசியாக அடித்துத் தவறவிட்டவர் கம்பியாசோ; ஆர்ஜென்டீனா வெளியே. மனுசன் அழுதார்.

ரிக்கெல்மே அதோடு முடிந்துபோகவில்லை. 2007இல் போக்காவுக்குத் திரும்பித் தென்னமெரிக்கக் கழகங்களின் லிபர்த்தடோரெஸ் கிண்ணம் வென்றார். பிரேசிலின் கிரேமியோவுக்கு எதிரான இரண்டு இறுதி ஆட்டங்களில் விழுந்த ஐந்து கோலில் மூன்று அவருடையது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இளசுகளுக்குத் தலைவராக நின்று தங்கம். கடைசியில், சிறுவனாகப் பழகிய ஆர்ஜென்டீனோஸ் யூனியர்ஸை இரண்டாம் பிரிவிலிருந்து மேலே ஏற உதவிவிட்டு, 2015 ஜனவரியில் ஓய்வு. 2023 டிசம்பரில் போக்காவின் தலைவராகவே தெரிவானார். வேகமாக ஓடிய எத்தனை பேரை இன்று யார் நினைக்கிறார்கள்? சரி, அது என் சொந்த எரிச்சல்.

பெர்லின் ஆட்டம் முடிந்த அன்றிரவு ரொறன்ரோவிலிருந்து போன் வந்தது. ரிக்கெல்மேயை எடுத்ததற்குப் பெக்கர்மனைத் திட்டப்போகிறான் என்று நினைத்தேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"மச்சான், அந்தக் கம்பியாசோவை ஒருத்தரும் ஏசக்கூடாது, என்ன?" என்றான்.

24 வருடத்தில் அந்த அரையிறுதியைப் பற்றி அவன் என்னோடு பேசியது அவ்வளவுதான்.