விமானம் ஏறாமல் நடந்த பல் வைத்தியம்

கனடாவின் வடக்கே வேலை கிடைத்திருக்கிறது, குடும்பத்தோடு போகலாமா என்று எங்களிடம் விசாரிக்கிறவர்கள் குளிரைப் பற்றிக் கேட்பார்கள், சாமான் விலையைப் பற்றிக் கேட்பார்கள், இன்டர்நெட் இழுக்குமா என்று கேட்பார்கள். பிள்ளையின் பல்லுக்கு என்ன செய்வீர்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அதனால்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன்.

நான் சஸ்காச்சுவான் மாகாணத்தின் வடக்கில், டெனே என்ற பழங்குடி மக்கள் வாழும் ஓர் ஊரின் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். என் கணவருக்கு யுரேனியச் சுரங்கத்தில் வேலை; ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். ஊருக்கு வருடம் முழுக்க ஓடும் வீதி கிடையாது. ஏரி நன்றாக இறுகின பிறகு அதன் மேல் பனிவீதி போடுவார்கள், மற்றக் காலத்தில் சின்ன விமானம்தான். ஊரின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். சில நூறு பேர் மட்டும் உள்ள இடம், பெயர் போட்டால் யார் யார் என்று தெரிந்துவிடும்.

மகளுக்கு அப்போது ஆறு வயது. ஒருநாள் நடுச்சாமத்தில் கொடுப்பைப் பொத்திக்கொண்டு எழும்பி அழத் தொடங்கினாள். இவர் சுரங்கத்தில். சுகாதார நிலையத்துக்குப் போன் எடுத்தேன். இரவு நர்ஸ் முதலில் கேட்டது மூன்று விஷயம்: காய்ச்சல் இருக்கிறதா, முகம் வீங்கியிருக்கிறதா, எச்சிலை விழுங்க ஏலுமா. கண்ணுக்குக் கீழே அல்லது தாடைக்கு அடியில் வீக்கம் வந்து, விழுங்கவோ வாயைத் திறக்கவோ கஷ்டப்பட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, அம்புலன்ஸ் விமானம் கூப்பிட வேண்டிய நிலை அது என்று விளங்கப்படுத்தினார். மகளுக்கு வீக்கம் இல்லை. நிறையைக் கேட்டு அதற்கேற்ற அளவு இபுபுரோஃபென் கொடுக்கச் சொன்னார். "காலையில் தெரபிஸ்ட் நிற்கிறா. நோவோடு வாற ஆட்களைத்தான் முதல் பார்ப்பா, நேரத்துக்கே வந்து நில்லுங்கோ" என்ற அர்த்தத்தில் அவர் சொன்னதைக் கேட்டதும் பாதிப் பாரம் இறங்கிவிட்டது.

டென்ரல் தெரபிஸ்ட் என்றால் பல் டொக்டர் இல்லை, பல்லைச் சுத்தம் செய்துவிடும் ஹைஜீனிஸ்டும் இல்லை. சூத்தையை அடைப்பது, பாற்பல்லின் நரம்புக்கு மருந்து வைப்பது, உலோக மூடி போடுவது, பல் பிடுங்குவது, விறைப்பு ஊசி போடுவது எல்லாம் அவர்கள் வேலை. வளர்ந்தவர்களின் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை, கட்டுப்பல், பெரிய சத்திரசிகிச்சை போன்றவை டொக்டருக்குப் போகும். இலங்கையில் படித்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. யாழ்ப்பாணத்தில் என் ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கிளினிக்கில் இருந்த "பல்லு மிஸ்" இதே வேலைதான் செய்தா. இரண்டுக்கும் வேர் ஒன்று. 1921இல் நியூசிலாந்தில், வெலிங்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பல் தாதிகளைப் பயிற்றத் தொடங்கினார்கள். 1950களில், கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தின் மூலம் அது இலங்கையின் மஹரகமவுக்கு வந்தது. 1972இல் கனடா அரசு வடமேற்குப் பிரதேசத்தின் ஃபோர்ட் ஸ்மித்தில் தேசியப் பல் தெரபிப் பள்ளியைத் திறந்தது. டொக்டர்மார் வந்து தங்காத ஊர்களுக்கு, அந்த ஊர்ப் பிள்ளைகளையே பயிற்றி அனுப்புவதுதான் நோக்கம்.

எங்கள் தெரபிஸ்டும் அப்படித்தான் வந்தவர். ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. அந்தப் பள்ளி பிறகு சஸ்காச்சுவானின் பிரின்ஸ் அல்பேர்ட் நகருக்கு மாறியபோது அங்கே படித்து, முடித்த கையோடு வடக்கே திரும்பி வந்து, அன்றிலிருந்து இங்கேயே இருக்கிறார். என் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மாரில் பலருக்குப் பாற்பல் பிடுங்கியதும் அவர்தான்.

காலையில் போனோம். மகளைக் கதிரையில் ஏற்றவே இல்லை. தரையில் தானும் இருந்து, சின்னக் கண்ணாடியை அவள் கையில் கொடுத்து, பொம்மையின் பல்லை எண்ணச் சொன்னார். பிறகு தன் பல்லை. பிறகுதான் அவளுடையதை. எதைச் செய்ய முதலும் சொல்லி, காட்டி, பிறகு செய்வார். காற்று வரும் குழாயை முதலில் அவளின் உள்ளங்கையில் ஊதினார், தண்ணீர் உறிஞ்சும் குழாயை விரல் நுனியில் பிடித்தார். எக்ஸ்ரே எடுக்கும் நேரத்தில் பிள்ளை தானாகவே வாயைத் திறந்தாள்.

படத்தைத் திரையில் பெரிதாக்கி எனக்குக் காட்டினார். கீழ்வரிசையில் இடப்பக்கம் இரண்டாவது பாற்கடைவாய்ப் பல்லில் சூத்தை நரம்புவரை இறங்கியிருந்தது. மற்ற இரண்டு கடைவாய்ப் பற்களில் பற்களுக்கிடையில் குழி. மேல் முன்பற்களில் சின்னச் சின்னதாய் ஆரம்பம். கடைசிப் பாற்கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால், முரசுக்குள் இருந்து எட்டிப் பார்க்கும் ஒரு பல்லைக் காட்டி, "இதுதான் நான் காப்பாற்றப் பார்க்கிற பல்" என்றார். ஆறு வயதில் கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் முளைக்கும் அந்தக் கடைவாய்ப் பல் நிரந்தரப் பல். எந்தப் பல்லும் விழாமல் புதிதாக முளைப்பதால் பெற்றோர் பலர் அதையும் விழுகிற பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் அந்த வயதுப் பிள்ளை இருந்தால் இன்றைக்கே ஒருக்கா வெளிச்சம் பிடித்துப் பாருங்கள்.

இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, நகரத்துக்குப் போய் முழு மயக்க மருந்து கொடுத்து எல்லாப் பல்லையும் ஒரே நாளில் முடிப்பது. அந்த வழியையும் விசாரித்துப் பார்த்தேன். நாங்கள் போன் எடுத்த கிளினிக்கில் காத்திருப்போர் பட்டியல் மாதக் கணக்கில் இருந்தது. முதலில் நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம், பிறகு மயக்க மருந்துக்கு இன்னொரு நாள் தருவார்களாம். இங்கேயிருந்து எக்ஸ்ரேயை அனுப்புகிறோம் என்று சொல்லியும் ஒத்துக்கொள்ளவில்லை. விமானப் பயணம், ஹோட்டல், லீவு எல்லாம் இரண்டு தரம். ஊர்ப் பிள்ளைகள் என்றால் பழங்குடியினருக்கான மத்திய அரசின் சுகாதாரத் திட்டம் வைத்தியச் செலவோடு பயணச் செலவையும் ஏற்கும். எங்களுக்கு ஆசிரியர் காப்புறுதி. அது பல்லுக்குக் காசு தரும், விமானத்துக்குத் தராது.

இரண்டாவது வழி, இங்கேயே, கொஞ்சம் கொஞ்சமாக. நாங்கள் அதைத்தான் எடுத்தோம்.

அன்றைக்கு நோவைத் தணிப்பதற்கு மட்டும்தான் வேலை செய்தார். சூத்தையின் மென்மையான பகுதியைக் கையால் சுரண்டி எடுத்து, ஒரு மருந்துப் பூச்சால் தற்காலிகமாக அடைத்தார். அறை முழுக்கக் கராம்பு மணம். அப்பம்மா பல்லுக்கொதிக்குக் கராம்பெண்ணெய் வைத்தது வீண்போகவில்லை, அதே யூஜினோல்தான் இந்தப் பூச்சிலும் இருக்கிறது. அன்டிபயோட்டிக் தரவில்லை. காய்ச்சலும் வீக்கமும் இல்லாத வெறும் நோவை அது மாற்றாது, பல்லுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தால்தான் மாறும் என்றார். படங்களை அன்று பின்னேரமே தன்னோடு சேர்ந்து வேலை செய்யும் பல் டொக்டருக்கு அனுப்பி, இருவரும் கதைத்துத் திட்டத்தை உறுதி செய்தார்கள்.

அடுத்த தரம் முன்பற்களுக்கு வெள்ளி டையமைன் ஃபுளோரைட். கனடாவில் 2017இல் அனுமதி கிடைத்த மருந்து. சின்னப் பிரஷால் சூத்தையில் தொட்டு வைப்பார்கள், ஊசியும் இல்லை, துளைப்பதும் இல்லை. சூத்தை மேற்கொண்டு பரவாமல் இறுகிவிடும். ஆனால் அந்த இடம் கன்னங்கரேலென்று கறுக்கும், பல் விழும்வரை போகாது. இதை மறைக்காமல், கறுத்த பல்லோடு சிரிக்கும் பிள்ளையின் படத்தைக் காட்டி, வெள்ளி அலர்ஜி இருக்கிறதா என்று கேட்டு, அதற்குப் பிறகுதான் கையெழுத்து வாங்கினார். அம்மாவுக்கு வீடியோவில் காட்டியபோது "ஐயோ, பிள்ளையின்ர வடிவு போச்சே" என்று கவலைப்பட்டா. மயக்க மருந்தைத் தவிர்க்க நான் அந்தக் கறுப்பை இன்னொரு தரமும் ஏற்றுக்கொள்வேன். உதட்டோரம் பட்ட ஒரு துளி கபில நிறமாக மாறி, ஒரு கிழமையில் தானாகப் போய்விட்டது.

பக்கத்துக் குழிகள் இரண்டுக்கும் ஹோல் முறையில் மூடி. ஸ்கொட்லாந்தில் நோர்னா ஹோல் என்ற பல் டொக்டர் தன் சாதாரணக் கிளினிக்கில் செய்துவந்த முறை இது. சூத்தையைச் சுரண்டாமல், பல்லையும் அராவாமல், ரெடிமேட் எவர்சில்வர் மூடியைப் பசையோடு மேலே வைத்து அழுத்திவிடுவது. உள்ளே கிருமிக்குச் சீனி போகாமல் அடைபட்டால் சூத்தை அப்படியே நின்றுவிடும். இடம் உண்டாக்குவதற்காகச் சில நாளுக்கு முன்பே பற்களுக்கிடையில் சின்ன ரப்பர் வளையங்களை வைத்து அனுப்பினார். மூடி போட்ட அன்று மகளிடம் பஞ்சுருளையைக் கொடுத்து, "கரடி மாதிரிக் கடி" என்றார். முரசு வெளிறிப் போனது, பிள்ளை முகத்தைச் சுளித்தாள், அவ்வளவுதான். மூடி போட்ட பற்கள் உயரமாக நின்று, மேல்வரிசையும் கீழ்வரிசையும் சேராததுபோல் இருக்கும், சில கிழமையில் தானாகச் சரிவரும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். அப்படியே சரிவந்தது.

கெட்டுப்போன பல்லைக் கடைசிக்கு வைத்திருந்தார். காரணம் இப்போது எனக்கு நன்றாக விளங்குகிறது. அந்த நாளுக்குள் மகளுக்கு அந்த அறை, அந்தக் கை, அந்த விளக்கு எல்லாம் பழகிவிட்டன. முதலில் முரசில் மரக்கும் ஜெல் தடவி, அது பிடிக்கும்வரை நாய்க்குட்டிக் கதை கதைத்தார். ஊசியை அவள் கண்ணுக்கு எட்டாமல் பிடித்து, கன்னத்தை மெல்ல ஆட்டிக்கொண்டே ஆறுதலாக ஏற்றினார். பிடுங்கும்போது "அமத்துற மாதிரி இருக்கும், நோகாது. நொந்தால் கையைத் தூக்கு, நான் நிப்பாட்டுவன்" என்றார். ஒருமுறை கையைத் தூக்கினாள். உடனே நிப்பாட்டினார், இன்னும் கொஞ்சம் மருந்து விட்டார், காத்திருந்தார். அந்த நிப்பாட்டுதலை நான் மறக்கமாட்டேன். பிறகு பல் வந்துவிட்டது. உதடு மரத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகள் தெரியாமல் கடித்துப் புண்ணாக்கிவிடுவார்கள், விறைப்பு இறங்கும்வரை சாப்பாடு கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருங்கள் என்று அனுப்பினார்.

பாற்பல் போன இடத்தை அப்படியே விட்டால், பின்னால் முளைக்கும் நிரந்தரப் பல் முன்னுக்குச் சாய்ந்து அந்த இடத்தைப் பிடித்துவிடும். அந்த இடைவெளியைக் காக்கும் கம்பியை ஊருக்கு வந்துபோகும் பல் டொக்டர் அளவெடுத்துப் போட்டார். எது தன் வேலை, எது அவருடையது என்பதில் தெரபிஸ்டுக்கு ஒரு நாளும் தடுமாற்றம் இருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அவர் செய்யும் வேலை இதைவிடப் பெரிது. பெற்றோரின் சம்மதப் படிவத்தோடு வகுப்புக்கே வந்து பிள்ளைகளின் பல்லுக்கு ஃபுளோரைட் வார்னிஷ் பூசுவார், புதுக் கடைவாய்ப் பற்களின் பள்ளங்களை சீலன்ட் போட்டு மூடுவார். படிவம் திரும்பி வராவிட்டால் மாலையில் அந்த வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுவார். முதியவர்கள் சிலர் பேரப்பிள்ளைகளைப் பல் அறைக்கு விடவே தயங்கியதை நான் கண்டிருக்கிறேன். அந்தத் தயக்கத்துக்கு வரலாறு இருக்கிறது. 1948 முதல் 1952 வரை கனடாவின் ஆறு பழங்குடி விடுதிப் பள்ளிகளில் ஊட்டச்சத்துச் சோதனை நடத்தியபோது, முரசில் தெரியும் மாற்றங்கள் மறைந்துவிடக் கூடாது என்பதற்காகப் பிள்ளைகளுக்குக் கிடைத்துவந்த பல் வைத்தியத்தையே நிறுத்திவைத்தார்கள். இயன் மோஸ்பி என்ற வரலாற்றாய்வாளர் 2013இல் இதை வெளியே கொண்டுவந்தார். இப்படியொரு கடந்த காலம் உள்ள இடத்தில், மாதத்துக்கு ஒரு முகம் வந்துபோனால் யார் வாயைத் திறப்பார்கள்? இவரோ அவர்களின் மொழியில் கதைக்கிறார், யாருடைய பேரன் என்று கேட்காமலே தெரிந்து வைத்திருக்கிறார்.

அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்குக் கோபமும் இருக்கிறது. சஸ்காச்சுவானில் 1974இல் தொடங்கிய பள்ளிப் பல் திட்டம், தெரபிஸ்ட்களை வைத்துப் பள்ளிக்கூடங்களிலேயே பிள்ளைகளுக்கு இலவச வைத்தியம் கொடுத்தது. 1987இல் மாகாண அரசு அதைக் கலைத்தது. 2011இல் மத்திய அரசு காசை நிறுத்த, பிரின்ஸ் அல்பேர்ட்டில் இருந்த தேசியப் பள்ளியும் மூடப்பட்டது. அப்போது நாட்டில் வேறு பயிற்சி நிலையம் இருக்கவில்லை. 2023இல்தான் சஸ்காச்சுவானில் திரும்பவும் தொடங்கினார்கள், லா ரோன்ஜில் வடக்கத்தைய பிள்ளைகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே படிக்க இடம் கிடைத்தது. இடையில் போன பன்னிரண்டு வருடத்தில் ஓய்வு பெற்றவர்களின் கதிரைகளில் இருக்க ஆள் வரவில்லை. எங்கள் தெரபிஸ்டுக்கும் ஓய்வு வயது நெருங்குகிறது.

வடக்கே வரும் குடும்பங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முதல் ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு ஒருக்கா போன் எடுங்கள். தெரபிஸ்ட் ஊரிலேயே இருக்கிறாரா, வந்துபோகிறவரா, எத்தனை கிழமைக்கு ஒருக்கா, உங்கள் பிள்ளைகளையும் பார்ப்பாரா என்று கேளுங்கள். காப்புறுதி, தெரபிஸ்ட் செய்யும் வேலைக்குக் காசு தருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். எங்கள் கம்பனி முதலில் டொக்டரின் பதிவிலக்கம் இல்லை என்று படிவத்தைத் திருப்பி அனுப்பியது. தெரபிஸ்டின் உரிம இலக்கத்தையும் மாகாணச் சங்கத்தின் பெயரையும் போட்டுத் திரும்ப அனுப்பியபோது காசு வந்தது. பழைய எக்ஸ்ரே இருந்தால் நகரத்துக் கிளினிக்கில் பிரதி கேட்டு வாங்கி, கையோடு கொண்டுவாருங்கள்.