வெள்ளம் வந்ததற்கு அடையாளம் கேட்டார்கள்

2018 டிசம்பர் 21 இரவு கிளிநொச்சியில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகளைத் திறந்தார்கள். விடிவதற்குள் கனகராயன் ஆற்றோரம் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்தது எல்லாம் எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்த கதைதான். வீடு துப்புரவாக்க என்று அரசாங்கம் கொடுத்த 10,000 ரூபாவுக்காக அம்மா அலைந்த அலைச்சலைத்தான் எழுத நினைத்தேன்.

தண்ணீர் வடிந்த அன்றே அம்மா சேற்றை வாரி, சுவரைக் கழுவி, நிலத்தைச் சாணம் போட்டு மெழுகிவிட்டார். மண் வீட்டுக்காரர் எல்லோரும் அப்படித்தான் செய்வோம், விட்டால் சேறு காய்ந்து நிலத்தையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். இரண்டு நாள் கழித்துப் பதிய வந்த உத்தியோகத்தர் வாசலில் நின்றபடியே, "இங்க வெள்ளம் வந்த அடையாளம் ஒண்டும் இல்லையே அம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வளவுக்குப் போய்விட்டார். படமும் இல்லை, என் போன் நனைந்து செத்துப்போயிருந்தது. தயவுசெய்து, ஒரு சட்டி சேற்றை அள்ள முதல் யாருடைய போனிலாவது சுவரைப் படம் எடுத்து வையுங்கள்.

எங்களைக் காப்பாற்றியது பக்கத்து வளவு அப்புதான். அந்த இரவும் அவர்தான் எழுப்பினார். வாய்க்காலில் வந்த தண்ணீர் கலங்கிச் சருகும் தடியுமாக இருந்ததைப் பார்த்து, இது மழைத்தண்ணீர் இல்லை, ஆறு வருகுது என்று மாடுகளை அவிழ்த்துவிட்டுத்தான் ஓடி வந்தார். ஒவ்வொரு பெருவெள்ளத்துக்கும் தண்ணீர் நின்ற மட்டத்தில் தன் பனையில் கத்தியால் ஒரு வெட்டுப் போடுவது அவர் பழக்கம். உத்தியோகத்தரைத் திரும்பவும் கூட்டிவந்து, மேசன்மார் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயைப் பனையில் ஒரு முனையும் எங்கள் சுவரில் மறுமுனையுமாகப் பிடித்துக் காட்டினார். நிலத்திலிருந்து மூன்று அடி! கிளுவை வேலியிலும் அதே உயரத்தில் வைக்கோல் சிக்கியிருந்தது. உத்தியோகத்தர் ஒன்றும் பேசாமல் அம்மாவின் பெயரை எழுதிக்கொண்டார்.

சரி, முடிந்தது என்று நினைத்தால் அலுவலகத்தில் காணிப் பெர்மிட் கேட்டார்கள். அது இருந்தது. 2009 போரில் பதுங்குகுழிக்குள்ளும் பிறகு இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலும் அம்மா இடுப்பை விட்டு இறக்காத பை, இந்த வெள்ளத்திலும் பொலித்தீன் சுற்றி வளையில் தொங்கியபடி நனையாமல் தப்பியது. ஆனால் பெர்மிட் அப்பாவின் பெயரில். அப்பாவை 2009 மே மாதத்திலிருந்து காணவில்லை. "அப்ப மரணச் சான்றிதழைக் கொண்டு வாங்கோ" என்றார் அந்த எழுதுவினைஞர், தலையை நிமிர்த்தாமலே. அம்மா பதில் சொல்லாமல் எழும்பி வந்துவிட்டார். பஸ்ஸிலும் பேசவில்லை. காணாமல் போனவர்களுக்கென்று ஒரு சான்றிதழ் கொடுக்க 2016 இல் சட்டம் வந்தது, அதைக்கூட அம்மா எடுக்கவில்லை. எடுத்தால் தேடுவதை விட்டதாக ஆகிவிடுமோ என்ற பயம் அவருக்கு. பத்தாயிரம் ரூபாவுக்காக அவர் வாயால் அப்பா செத்துவிட்டார் என்று சொல்லவைக்கப் பார்த்ததை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அடுத்த கிழமையும் போய் அதே பதிலோடு திரும்பினோம். மூன்றாம் முறை நான் நேரே மேலதிகாரியிடம் போனேன். அவர் கடிதங்களைப் பார்த்துவிட்டு, இது குடியிருக்கிறவருக்கான காசு, காணிக்காரருக்கு இல்லை, ஜி.எஸ் (கிராம சேவகர்) உறுதிப்படுத்தின கடிதமும் குடும்ப அட்டையும் அம்மாவின் வங்கிப் புத்தகமும் போதும் என்றார். ஐந்து நிமிட வேலை. அதற்கு அம்மாவின் மூன்று நாள் கூலி போனது. யாராவது மரணச் சான்றிதழ் கேட்டால் அந்த மேசையோடு நின்றுவிடாதீர்கள், எந்தக் காசுக்கு எந்தக் கடிதம் தேவை என்று மேலே போய்க் கேளுங்கள்.

காசு வந்ததும் முதலில் கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டோம். மிச்சத்துக்கு முற்றத்தை உயர்த்த அரை லோட் கிரவல் பறித்தோம். அப்புவின் புதிய வெட்டுத்தான் அந்தப் பனையில் எல்லாவற்றிலும் மேலே இருக்கிறது. அதற்கும் இரண்டு அடி உயரத்தில் அம்மா இப்போது பைக்கு ஆணி அடித்திருக்கிறார்.