கழுத்து பதினைந்தரை

2018இல் இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு புடவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆண்கள் பிரிவு. பிறந்து வளர்ந்தது மாத்தளை டவுனில். நானும் மலையகத்தான்தான், ஆனால் தேயிலைச் செடியை பஸ் ஜன்னலுக்குள் இருந்தே பார்த்த மலையகத்தான்.

எங்கள் கடைக்கு மாதம் பிறப்பது 10ஆம் திகதி, தோட்டங்களில் சம்பளம் போடும் நாள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மஸ்கெலியா, பொகவந்தலாவை, நோர்வூட் பஸ்கள் வந்து ஆட்களைக் கொட்டும். சிவனொளிபாதமலை சீசனில் கம்பளித் தொப்பி தேடுகிற யாத்திரிகர்களும் சேர்ந்துகொண்டால் மத்தியானச் சோறு மூன்று மணிக்குத்தான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் அம்மா நேராக என் கவுண்டருக்கு வந்தார். வயதுக்கு அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். கடையிலோ எழுபது வயதுக்காரரும் அக்காதான், அது முதலாளியின் சட்டம்.

"முழுக்கை சட்டை, கழுத்து பதினஞ்சரை. வெல கொறைஞ்சதா எடுங்க தம்பி."

நான் வியாபாரப் பேச்சை எடுத்துவிட்டேன். அண்ணன் என்ன நிறம், இந்தக் கோடு போட்டது அண்ணனுக்கு எடுப்பாக இருக்கும், பெரஹெரா ஊர்வலம் பார்க்கக்கூடப் போட்டுக்கொண்டு போகலாம்...

"எந்த அண்ணனுக்கு? எனக்குத்தான். மலைக்குப் போட்டுக்கிட்டுப் போக."

பக்கத்துக் கவுண்டர் பையன்கள் ஒரு வாரம் என்னை அண்ணன் என்றே கூப்பிட்டார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. செடி கையைக் கீறாது, குளிரும் தாங்கும்.

மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வருவார். ஒருநாள் பழைய சட்டையை சொப்பிங் பேக்கில் சுற்றிக் கொண்டுவந்து கவுண்டரில் விரித்தார். நான் அதுவரை ஆயிரம் சட்டை விற்றிருப்பேன், ஒரு சட்டை எப்படிச் செத்துப்போகிறது என்று பார்த்ததில்லை. ஆம்பிளைகள் சட்டை முதலில் கொலரில் இற்றுப்போகும். அக்காவின் சட்டையில் கொலர் புதிதுபோல இருந்தது. முதுகு சல்லடை. தலையில் கயிறு மாட்டித் தொங்கும் கூடை நாள் முழுக்க உரசிய இடம் அது. கைப்பட்டி இரண்டும் நூல் நூலாகத் தொங்கின, விளிம்பில் கொழுந்துக் கறை கறுப்பாக ஏறியிருந்தது.

"தனிப் பருத்தி வேணாம் தம்பி. காலையில மழையில நனைஞ்சா சாயந்தரம் வரைக்கும் ஈரம். பொத்தான் கெட்டியா இருக்கணும், இல்லாட்டி அட்டைப்பூச்சி உள்ள போயிரும்."

பிறகு சரக்கு வரும்போதெல்லாம் முதுகின் மேல்பக்கம் ரெட்டைத்துணி வைத்த, கலப்புத்துணிச் சட்டை இரண்டை பதினைந்தரையில் ஒதுக்கி வைப்பேன்.

அப்படி ஒதுக்கிய ஒன்றுதான் மானத்தை வாங்கியது. நீலச் சட்டை, முதல் மழையிலேயே சாயம் கக்கி, உள்ளே கட்டியிருந்த சேலையையும் கெடுத்துவிட்டது. "கிருஷ்ணர் மாதிரி ஆயிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே வந்தார். கடையில் 'விற்ற சாமான் திருப்பி எடுக்கப்பட மாட்டாது' என்று போர்ட் தொங்கியது. முதலாளி போர்டைக் காட்டினார். நான் வேறு சட்டை கொடுத்து என் கணக்கில் எழுதச் சொன்னேன்.

கெஷியர் பிள்ளை வாயை வைத்துக்கொண்டு இருக்கவில்லை. அடுத்த சம்பள ஞாயிறு அக்கா நாலு நோக்கோல் காயும் தோட்டத்தில் கொடுக்கும் தேத்தூளில் ஒரு பொட்டலமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கோபமாகப் பேசினார். "ஒன் சம்பளத்துல வெட்டுனாங்களாமே? எங்களுக்கு அரைப்பேர் போடுற மாதிரி?" அவர் தோட்டத்தில் ஒரு நாளைக்கு 18 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும், குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். அன்றுவரை என்னை 'நீங்க' என்றவர் அன்று 'நீ' என்றார். பிறகு மாறவேயில்லை.

அவரிடமிருந்து எனக்கும் ஒரு பழக்கம் தொற்றியது. அவர் விலையை ரூபாயில் கேட்பதில்லை, 'எத்தன பேரு?' என்பார். ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனபோது, எங்கள் கடையில் ஒரு சட்டை ஒரு பேருக்கு வந்தது. அடுத்த வருஷம் டொலர் ஏறி, அதே சட்டைக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு. போன் டோர்ச் வெளிச்சத்தில் கறுப்பா கருநீலமா என்று தெரியாமல் வியாபாரம் செய்தோம். அக்கா அந்த வருஷம் சட்டை எடுக்கவேயில்லை. ஆனால் வந்தார். டெய்லரிடம் வாங்கி வைத்த வெட்டுத்துண்டுகளைக் கொடுப்பேன், முதுகில் ஒட்டுப்போட. சும்மா கொடுத்தால் வாங்கமாட்டார் என்பதால் ஒரு துண்டுக்கு 10 ரூபாய். டெய்லர் எனக்கு அதைச் சும்மாதான் கொடுத்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பே அக்காவுக்குப் பேர் வெட்டியாகிவிட்டது, அதாவது தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு. ஈ.பி.எஃப். என்கிற சேமலாப நிதிக் காசு கைக்கு வந்ததும் சேலை எடுக்க வருவார் என்று நினைத்தேன். மேல்மாடியில் சேலைப் பிரிவு அக்காவிடம் சொல்லியும் வைத்தேன்: ஒருத்தர் வருவார், தொட்டுப் பார்க்கவே பயப்படுவார், விரல் சொரசொரப்பு நூலை இழுத்துவிடும் என்று. நீங்களே விரித்துக் காட்டுங்கள்.

வந்தார். படியை ஏறிட்டும் பார்க்காமல் என் கவுண்டருக்கு வந்தார்.

"ஈ.பி.எஃப். மகன் வெளிநாடு போக ஏஜென்சிக்குப் போயிருச்சு. நான் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போறேன்."

கீழ்த்தட்டில் கைவிட்டு ஒதுக்கி வைத்ததை எடுத்தேன். அவர் எப்போதும்போல மேலிருந்து கீழே ஒவ்வொரு பொத்தானாகப் பிடித்து இழுத்துப் பார்த்தார். நாலாவது பொத்தான் கையோடு வந்தது. மேசை லாச்சியில் ஊசி இருந்தது. நான் நூல் கோக்க, அவர் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை கத்தியது.